கையொப்பத்திற்கு முன்

தமிழ்நாடு அரசு 2025 மார்ச்சுத் திங்களில் அளித்த வரவு செலவுத் திட்ட அறிக்கையில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்த 36 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அறிவித்தது. அறிவிப்பு சில வரிகளே. அது எழுப்பும் பேச்சுக்கோ அளவில்லை. "பள்ளிக்கூடத்தில் ஊசி போடுவார்களாம், பெண் பிள்ளைகளுக்கு மட்டுமாம்" என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் தாய்மார் நெஞ்சில் ஓர் அச்சம் புகுந்துவிடுகிறது. பட்டுத் தறிகளின் ஓசையிடையே வாழும் தாராசுரத்துத் தாய்க்கும், கணவரைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இராஜகிரியிலோ பண்டாரவாடையிலோ பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கும் அவ்வச்சம் ஒன்றுதான். அதை அறியாமை என்று கூறிப் படித்தவர் எள்ளி நகைப்பது எளிது. அங்ஙனம் நகைப்பது முறையன்று. அவ்வச்சத்தையே காரணமாக்கி ஊசியை மறுப்பது அதனினும் முறையன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கணித்துள்ளபடி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் மாண்டனர். பிள்ளைகளை ஆளாக்கி, இல்லத்தின் தூணாய் நிற்கும் வயதில் பெண்களைப் பறித்துச் செல்வது இந்நோயின் கொடுமை. இதற்குக் காரணம் மனித பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி எனக் காட்டிய செருமானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமியின் பல வகைகளுள் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே இந்நோயில் பத்தில் ஏழு பங்கிற்குக் காரணமாகின்றன. தொற்றிய கிருமி பெரும்பாலோர் உடம்பில் ஓரிரு ஆண்டில் தானே மறைந்துவிடும். சிலர் உடம்பில் மட்டும் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றாகும். கிருமி வருமுன் காத்தால்தான் முழுப் பயன் உண்டு. 9 முதல் 14 வரையுள்ள வயதை மருத்துவர்கள் தேர்ந்தது இதனாலேயே அன்றி, வேறு மறைபொருள் எதுவும் அதில் இல்லை.

தஞ்சை மாவட்டத்திற்கு இந்நோயை எதிர்க்கும் பணி புதிதன்று. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனைக்கு 2007இல் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்கள் இரண்டு. ஒன்று தேனி, மற்றொன்று நம் தஞ்சாவூர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்திட்டு தோன்றுகிறதா என்று செவிலியரே பார்த்தறியும் எளிய முறை அது. திண்டுக்கல் மாவட்டத்தில் இம்முறையை ஆராய்ந்தவர்கள், ஒரே ஒரு முறை பரிசோதித்ததனாலேயே இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் எழுதினர். ஆயினும் எத்தனை தாய்மார் வெட்கத்தைத் தாண்டிப் பரிசோதனைக்கு வருகின்றனர்? வலியும் குருதிப்போக்கும் முற்றிய பிறகே மருத்துவமனைப் படியேறுவோர் இன்றும் பலர்.

இந்த வெட்கமே ஊசிக்கும் தடையாகிறது. "எங்கள் பெண் ஒழுக்கமாக வளர்பவள், அவளுக்கு இது எதற்கு?" என்று வினவும் பெரியவர்கள் உண்டு. வினாவில் உள்ள பாசத்தை மதிக்கிறோம். ஆயின் விடை வேறாக உள்ளது. இக்கிருமி பெரும்பாலும் ஆண் பெண் உறவால் பரவுவது. ஆணின் உடம்பில் அது பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. மணத்திற்கு முன்னரே பெற்றிருந்தாலும் அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். கணவனைத் தவிர வேறொருவரை அறியாத மனைவிக்கும் இந்நோய் வரும். அவளுடைய ஒழுக்கம் அவளை இதிலிருந்து காக்க வல்லதன்று. நோய் வந்ததைக் கொண்டு அவள் ஒழுக்கத்தை ஐயுறுவது பெரும் பாவம். ஊசி போட்டால் பெண்கள் கட்டுப்பாடு இழப்பர் என்போருக்கு ஒன்று சொல்லலாம். மஞ்சள் காமாலையைத் தடுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசியைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம். அந்நோயும் இதே வழியில் பரவக் கூடியதுதான். அவ்வூசியால் எந்தக் குழந்தையின் ஒழுக்கம் கெட்டது?

இனி, எதிர்ப்பவர் பக்கத்தில் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். அது சிறியதன்று. 2009ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, 10 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியர்க்கு இவ்வூசியைச் செலுத்தியது. கம்மத்தில் அவர்களுள் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிப் பிள்ளைகள். ஏழு சிறுமியர் இறந்தனர் என்ற செய்தி பரவியது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகள் பாம்புக்கடி, நீரில் மூழ்கியமை, பூச்சிமருந்து போன்ற வேறு காரணங்களால் நேர்ந்தவை. ஊசியோடு தொடர்பு காணப்படவில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கூறியது. ஊசி அந்த அளவில் குற்றமற்றதாயிற்று.

ஊசி போட்ட முறை அவ்வாறு தப்பவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகத்தில் அளித்த அறிக்கையைப் படிப்பவர் மனம் பதறும். ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களுள் 1,948இல் பெருவிரல் ரேகை. 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையொப்பம். பெற்ற தாய் எங்கோ காட்டூரில் இருக்க, அவள் மகளின் உடம்பிற்கு விடுதிக் காப்பாளர் ஒப்புதல் அளித்திருக்கிறார்! பெருவிரல் வைத்தவளுக்கு அத்தாளில் உள்ளதைப் படித்துக் காட்டியவர் யார்? ஏழைப் பெண், எழுத்தறியாப் பெண், பழங்குடிப் பெண். கேளாமலே செய்துவிடலாம் என்ற நினைப்பு அதிகாரத்திற்கு எளிதில் வந்துவிடுகிறது. நாளை அந்த நினைப்பு நம் ஊர்ப் பெண்களிடமும் வரக்கூடும்.

அத்தவற்றுக்கு நாடு கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பதின்மத்திற்கும் மேலாக நாடு தழுவிய பொதுத் திட்டத்தில் இவ்வூசிக்கு இடமில்லாமல் போயிற்று. அப்போது 14 வயதாக இருந்த சிறுமி இன்று முப்பதை எட்டிய தாய். அவள் ஊசியின் காலத்தைக் கடந்துவிட்டாள். இதில் ஒரு விந்தையும் உண்டு. அதே காலத்தில் ஒன்பது இடங்களில் நடந்த மற்றோர் ஆய்வும் 2010இல் நிறுத்தப்பட்டது. அவ்விடங்களுள் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. 17,000க்கு மேற்பட்ட சிறுமியருள் பலர் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர். அவர்களைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கண்காணித்ததில், 16, 18 வகைகள் உடம்பில் தங்குவதை ஒரு தவணையே ஏறத்தாழ மூன்று தவணை அளவிற்குத் தடுக்கிறது என்பது 2021இல் தெளிவாயிற்று. 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 திசம்பரில் ஏற்றுக்கொண்டதற்கு இந்தியச் சிறுமியர் தந்த சான்றும் ஒரு காரணம். நம் பிள்ளைகளால் உலகம் கற்றது; நம் பிள்ளைகளே காத்திருந்தனர்.

கேளாமல் செய்வதால் விளையும் கேடு ஒருபுறம் என்றால், கேட்டதையெல்லாம் நம்புவதால் விளைவது மறுபுறம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வழியே வந்த வதந்திகளால் பெற்றோர் பலர் பின்வாங்கினர். திட்டத்தை மார்ச்சு வரை நீட்டிக்க நேர்ந்தது. நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் கேரளத்தின் மலப்புறத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் நோய் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எளிதாகத் தடுத்திருக்கக் கூடிய நோய் அது. அடுத்த ஆண்டே அம்மாவட்டத்தில் பள்ளியில் ஊசி போட வந்த செவிலியரைத் தாக்கவும் செய்தனர். மலடாக்கும் ஊசி என்ற பழியை இக்கருப்பைவாய் ஊசியின் மேலும் சுமத்துகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு ஆராய்ந்து, அதற்குச் சான்றில்லை என்றே கூறியுள்ளது. ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை; கிருமியின் மேலுறை போன்ற புரதமே உள்ளது. மாறாக, நோய் முற்றிக் கருப்பையையே அகற்ற நேரும் பெண்தான் தாய்மையை இழக்கிறாள்.

வதந்திக்கு அஞ்சிய நாடு படித்த நாடாகவும் இருக்கலாம். ஜப்பான் 2013 சூனில் இவ்வூசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 விழுக்காடு அளவில் இருந்த பயன்பாடு ஒரு விழுக்காட்டிற்கும் கீழே சரிந்தது. 2022இல்தான் பரிந்துரை மீண்டது. ஸ்காட்லாந்திலோ, 12, 13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடையே ஒருவருக்கும் இந்நோய் காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தனர். நம்மவர் நெடுங்காலமாகப் பிழைப்புத் தேடிச் சென்றுவரும் மலேசியா 2010 முதலே பெற்றோர் ஒப்புதலோடு பள்ளிகளில் இதனைப் போட்டுவருகிறது. இலங்கை 2017இல் தொடங்கியது, வங்கதேசம் 2023இல். பாகிஸ்தானில் 2025 செப்டம்பரில் தொடங்கியபோது வதந்தி பெருகவே, சுகாதார அமைச்சர் முஸ்தபா கமால் பலர் அறியத் தம் மகளுக்கே ஊசி போடச் செய்தார். நூறு விளம்பரம் செய்யாததை அச்செயல் செய்திருக்கும்.

வட இந்தியாவில் போலியோ சொட்டு மருந்தை நம்மவர் மறுத்தபோது, வீடு வீடாகச் சென்று பேச இமாம்களும், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற கல்வி நிலையங்களும் துணை நின்றன. 2011 சனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கையான போலியோக் கிருமி ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. கல்லூரிகளுக்கு இதில் வேலை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் பகுதியில் அவ்வேலை எங்கே தொடங்கும்? ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒலிபெருக்கியில் இரண்டு மணித்துளி அறிவிப்புச் செய்து ஜமாஅத் தன் கடமையை முடித்துக்கொள்ளலாகாது. கேட்க வேண்டிய தாய்மார் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே தாய்மார் கூட்டம் ஒன்று கூட்டி, கிராம சுகாதாரச் செவிலியரை அமர்த்தி, கேள்வி தீரும்வரை பேசவிட வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் தந்தையின் குரல்செய்திக்காகத் தாயின் கையொப்பம் காத்திருக்க வேண்டியதில்லை, அவளும் பெற்றோரே. மகளிடமும் ஒரு சொல் கேட்க வேண்டும். ஊசி ஏறுவது அவள் கையில். முப்பது வயது கடந்த தாய்மாருக்கு அன்றே பரிசோதனைக்கும் நாள் குறித்துக் கொடுக்கலாம்.

தமிழ்த் துறை மாணவர்க்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. அரசுப் படிவங்களின் தமிழ் பல வேளைகளில் தமிழாசிரியர்க்கே விளங்குவதில்லை. தாராசுரத்துத் தறிக்காரர் வீட்டிலும் இராஜகிரியின் அடுப்படியிலும் படித்தால் புரியும் தமிழில் ஒரே ஒரு தாள் எழுதித் தாருங்கள். எந்த ஊசி, எத்தனை தவணை, கை வலியும் சிறு காய்ச்சலும் வரக்கூடும் என்பது, இவ்வயதுப் பிள்ளைகள் ஊசிக்கு அஞ்சியே சிலவேளை மயங்குவர் என்பதால் கால் மணி நேரம் உட்கார வைப்பர் என்பது, முன்னர் ஊசிக்கு ஒவ்வாமை கண்டவர் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். எழுதியதை மருத்துவ அலுவலரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தாளின் கடைசி வரியில், ஐயமிருப்பின் கையொப்பமிடாமல் வந்து கேட்கலாம் என்று எழுதி, யாரிடம், எந்நேரத்தில், எந்தத் தொலைபேசி எண்ணில் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.