யாரும் படிக்காத வரிகள்

யூனிக்ஸ் கம்பெனிக்கு ஒரு தினுசாக இருந்த காலத்தில், ஒரு புரோகிராமை வேறு கம்ப்யூட்டரில் ஓடவைப்பது பெரும்பாடு. அதற்கான தயாரிப்பு ஸ்கிரிப்டை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். 1991இல் டேவிட் மெக்கன்சி உருவாக்கத் தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ இதற்கு முடிவு கட்டியது. ‘கன்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று மூன்றே கட்டளைகள். எந்த புரோகிராமுக்கும் இதுதான் முறை.

வினையும் அங்கேதான். ஆட்டோகான்ஃப் எழுதித் தரும் ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். எங்கும் ஒரே மாதிரி இருப்பதால் யாரும் படிப்பதில்லை. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ புரோகிராமில் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், 2024இல் இந்த இருட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டார். எல்லோரும் பார்க்கும் மூலநிரலில் இல்லாத சில வரிகள், விநியோகித்த பொதியின் தயாரிப்பு ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தன. கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழி செய்யும் வரிகள்! லாக்-இன் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற என்ஜினீயர் துருவியதில்தான் குட்டு வெளிப்பட்டது.

பொது முறை தேவைதான். அது ஒரு மனிதர் படித்து முடிக்கும் அளவில் இருக்கவேண்டும். ‘மெசான்’ போன்ற புதிய கருவிகளில் எழுதவேண்டியது குறைவு. ‘சிஸ்டம்டி’ 2017இலேயே அதற்கு மாறிவிட்டது. மற்றவர்கள் மாறும்வரை, பொதியையும் மூலநிரலையும் ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஓர் ஆள் வேண்டும்.