போன வருஷப் பஞ்சாங்கம் உதவுமா?

போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து யாராவது கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்களா? மாட்டார்கள். சித்திரை பிறந்தால் புதிது வாங்கிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கே இப்படி என்றால், உயிரைக் காக்கும் திட்டம் மட்டும் பழசாக இருக்கலாமா?

70 வளைவுகள்!

நாமக்கல் ஜில்லாவில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டி ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! மலையில் விளையும் மிளகு, காப்பி, வாழை, பலா எல்லாம் சந்தைக்கு வர மலைப்பாதையில்தான் இறங்க வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் மலைப்பாதைதான்.

மழைக் காலத்தில் மண்ணும் பாறையும் சரிந்து பாதை அடைபடுவது அங்கே புதிதல்ல. அப்போது யார் என்ன செய்வது? அதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் திட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது.

ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு திட்டம் வேண்டும். பஞ்சாயத்து போன்ற உள்ளாட்சிகளைக் கலந்துகொண்டு அதைத் தயாரிக்க வேண்டும். வருஷந்தோறும் அதைத் திருத்த வேண்டும். சட்டத்தின் 31-வது பிரிவு இப்படிச் சொல்கிறது.

நாடு முழுவதற்கும் உரிய திட்டத்தையும் ஆண்டுதோறும் திருத்தச் சொன்னது 2005-ல் வந்த அந்தச் சட்டம். ஆனால் அந்தத் திட்டம் முதலில் வெளிவந்ததே 2016-ல்தான். சட்டம் வந்து 11 வருஷம் கழித்து! அதைத் திருத்தி வெளியிட்டது 2019-ல். டில்லியிலேயே இப்படி என்றால், மலை உச்சியில் இருக்கும் ஊரை யார் கவனிப்பார்கள்?

மலையும் மாறும்

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 7 பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த மலைதான் அது!

மலையே மாறும்போது மனிதர் விவரம் மாறாதா? ஜீப் வைத்திருந்தவர் விற்றிருப்பார். டெலிபோன் நம்பர் மாறியிருக்கும். தங்க வைக்கக் குறித்த பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகும். புதுப் பாதை வந்திருக்கும்; பழைய தாளில் அது இருக்காது. ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு வெளியூர் ஜனங்கள் வந்து குவிவார்கள். அவர்களுக்கும் கணக்கு வேண்டும்.

“அதிகாரிகளுக்கு வேறு வேலை இல்லையா?” என்று சிலர் கேட்கலாம். வேலை நிறைய உண்டுதான். ஆனால் திருத்துவது என்றால் புத்தகம் முழுவதையும் புதிதாக எழுதுவது அல்ல. மாறியதை மாற்றினால் போதும். மாறியது எது என்பது அந்த ஊர் ஜனங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிச் செய்தால் என்ன?

இங்கேதான் சட்டத்தில் ஒரு குறை. திருத்திய திட்டத்தைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும் என்று 31-வது பிரிவில் இல்லை. வருஷம் தவறினால் என்ன தண்டனை என்றும் அதில் இல்லை. 2025-ல் சட்டத்தில் பல திருத்தங்கள் செய்தார்கள். இதையும் சேர்க்க வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆகஸ்டு 15-ந் தேதி எல்லா ஊரிலும் கிராம சபை கூடுகிறது. அந்த ஊருக்கு உரிய பக்கத்தை அன்று சத்தமாகப் படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பாள். “அந்த ஓடைப் பாலம் போன மழையில் போய்விட்டதே!” என்று அவளே சொல்லுவாள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. சரிசெய்ய இரண்டு மாதம் கிடைக்கும்.

ஆபத்து நேரத்தில் ஜில்லா கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட 1077 என்ற நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் பதில் வரும். ஆனால் பதில் சொல்பவர் கையில் இருக்கும் தாள் எந்த வருஷத்தது?

அடுத்த கிராம சபையில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்!