திருத்தப்படாத விடைத்தாள்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களில் 2022 நவம்பர் 14 அன்று சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள், பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவர்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வகுப்பெடுப்பதும் ஆய்வகத்தை ஓட்டுவதும் விடைத்தாள் திருத்துவதும் பெருமளவு இவர்கள்தான். பருவத் தேர்வு மதிப்பெண்கள் முடங்கியபோது நிர்வாகத்துக்கு அது உறைத்தது.

வேலை வாங்கும்போது ஊழியர், சம்பளம் கேட்டால் மட்டும் "நீங்கள் மாணவர்கள்தானே!" இந்த வசதியான கணக்கை எத்தனை நாள் நடத்துவது? அவர்கள் கேட்டது ஆண்டுக்கு 54,000 டாலர். அங்குள்ள வீட்டு வாடகையை அறிந்தவர்கள் இதைப் பேராசை என்று சொல்லமாட்டார்கள்.

டிசம்பர் 23-இல் போராட்டம் முடிந்தது. பகுதிநேரக் கற்பித்தல் உதவியாளர்களுக்கு 2024 அக்டோபருக்குள் குறைந்தபட்சம் 34,000 டாலர். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ வளாகங்களுக்கு மட்டும் 36,500. வாடகை கொளுத்தும் கடலோர ஊரான சான்டா குரூஸ் அந்தப் பட்டியலில் இல்லை. சம்பள உயர்வு கேட்டு மதிப்பெண்களை நிறுத்திவைத்து, 2020-இல் பலர் வேலையிழந்த வளாகம் அது. ஒப்பந்தத்தை அங்கு பெரும்பான்மையினர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அந்தக் கோபத்தை நம்மால் குறைசொல்ல முடியவில்லை.