ஓனரிடம் முதலில் பேச வேண்டியவர் யார்?

நன்றாக ஓடுகிற சிறு தொழிற்சாலையை வாங்கி நடத்த நினைப்பவருக்குச் சென்னையின் மேற்குப் புறநகர் வளமான இடம். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. இவை எல்லாமே 1960களின் தொடக்கத்தில் வந்தவை. அவற்றைச் சுற்றி அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமழிசையிலும் லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பிளேட்டிங் யூனிட் என்று வளர்ந்தன. அவற்றைத் தொடங்கிய முதலாளிகள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகள் ஐடியிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள்.

இப்படித் தேடி வாங்குவதற்கென்றே முதலீடு திரட்டும் முறை 1984இல் அமெரிக்காவில், பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியரான இர்விங் குரோஸ்பெக்கின் வழிகாட்டலில் உருவானது. பட்டியல் போடவும், கடிதம் அனுப்பவும், போன் செய்யவும் கல்லூரி மாணவர்களை இன்டர்ன்களாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். இங்கும் வேல்டெக், பனிமலர், வேலம்மாள் என்று கூப்பிடு தூரத்தில் கல்லூரிகள் இருப்பதால், அதே வழியில் போகலாமே என்று தோன்றுவது இயல்பு. பாதி வழி வரைதான் போகலாம்.

பொதுவில் கிடைக்கும் தகவலைத் தோண்டுவதில் நல்ல மாணவருக்கு ஈடில்லை. வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதச் சம்பளத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள் என்பது வரிசையாக வரும். ஆள் எண்ணிக்கை மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால், அங்கே ஏதோ நடக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டன் தாக்கலான தேதிகள் தெரியும். தொடர்ந்து தாமதம் என்றால் கையில் பணம் இறுகியிருக்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் எந்த வங்கிக்கு எதை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அதில் கம்பெனிகளும் எல்எல்பிகளும் மட்டுமே உண்டு. எஸ்டேட்டின் சிறு யூனிட்டுகளில் ஏராளமானவை புரொப்ரைட்டர்ஷிப். எனவே திரையை மூடிவிட்டுத் தெருத்தெருவாக நடந்து, எந்த ஷெட்டில் இரண்டாம் ஷிப்ட் ஓடுகிறது, எங்கே வண்டியில் சரக்கு ஏற்றுகிறார்கள் என்று குறித்து வர வேண்டும். அதையும் மாணவர் செய்யலாம்.

போனை மட்டும் அவர் கையில் கொடுக்கக் கூடாது.

“சார், உங்க கம்பெனியை விக்கிற ஐடியா இருக்கா?” என்று முன்பின் தெரியாத இளைஞர் கேட்டால், போனை எடுப்பது ஓனராகவே இருக்கும் என்பது என்ன நிச்சயம்? அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் எடுத்தால் அன்று மாலைக்குள் டீக்கடை வரை செய்தி போய்விடும். திறமையான ஆபரேட்டர் வேறு வேலை தேடுவார், சரக்குக் கொடுப்பவர் கடனை நிறுத்துவார், வங்கி மேலாளர் விசாரிப்பார். விற்கும் எண்ணமே இல்லாத மனிதருக்கு நாம் செய்யும் அநியாயம் இது. மின்னஞ்சலும் அப்படித்தான், பதிவில் இருக்கும் முகவரி பல நேரம் ஆடிட்டர் அலுவலகத்தினுடையது. முதல் பேச்சு, வாங்கப் போகிறவருடையதாகவே இருக்க வேண்டும். முடிந்தால் அந்த ஆடிட்டர் வழியாக, நேரில்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். “காலேஜ் பிராஜெக்ட்” என்று சொல்லி உள்ளே அனுப்பி விற்றுமுதலையும் வாடிக்கையாளர் பெயர்களையும் கறந்து வரச் சொல்வது ஏமாற்று. மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நல்ல குணம் இந்த எஸ்டேட்டுகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கெடுத்தால் அடுத்து உண்மையாகவே பிராஜெக்டுக்கு வரும் பிள்ளைதான் வாசலில் நிற்பாள்.

சம்பளத்துக்கும் வருவோம். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சியாளர் எடுக்க, நிறுவனத்தில் குறைந்தது 4 பேராவது வேலை செய்ய வேண்டும். தனி ஆளாகத் தேடுபவருக்கு அந்த வழி இல்லை. அதற்காகச் சான்றிதழை மட்டும் நீட்டி வேலை வாங்குவது சரியல்ல. மாத உதவித்தொகை, பஸ் செலவு, ரகசியம் காக்கும் ஒப்பந்தம் மூன்றும் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். மாணவரின் வீட்டார் யாராவது அதே எஸ்டேட்டில் தொழில் செய்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஓனர் சம்மதித்துக் கணக்கைத் திறந்த பிறகு மாணவருக்கு மறுபடி வேலை வரும். சொத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரத்தின் எண் தகட்டையும் ஒப்பிடுவது, வாடிக்கையாளர் கொடுத்து வைத்திருக்கும் டைகளைக் கம்பெனியின் சொந்த டைகளிலிருந்து பிரித்து எழுதுவது. வாடிக்கையாளரின் டைகள் விலையில் சேராது என்பதை வாங்குபவருக்கு முன்பே அவர் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு.