முதல் வெட்டு ஏழை உடம்பில் வேண்டாம்!



ஆபரேஷன் கத்துக்கிற ஒரு பி.ஜி. டாக்டர் தன் முதல் வெட்டை யார் உடம்பில் போடுகிறார்னு யோசிச்சிருக்கீங்களா?

பணக்காரர் உடம்பில் இல்லை. பயிற்சி டாக்டர்கள் நிறைஞ்சிருப்பது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில். அங்கே சீட்டு வாங்க வரிசையில் நிற்பது உங்க அப்பா, என் சித்தி, பக்கத்துத் தெரு கொத்தனார். டாக்டர்கள் மேல குத்தம் சொல்லல. சீனியர் பக்கத்துலயே நின்னுதான் சொல்லித் தர்றார். ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு என்பதுதான் உலகம் முழுக்க பழைய வழி. ஆனா அந்த முதல் தடுமாற்றம் உயிருள்ள உடம்பில்தான் நடக்கணுமா?

2002-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வந்தது. 16 பயிற்சி டாக்டர்கள். பாதிப் பேர் கணினி சிமுலேட்டரில் பழகினாங்க, மீதிப் பேர் வழக்கமான முறையில். அப்புறம் எல்லாரும் பித்தப்பை ஆபரேஷன் செஞ்சாங்க. சிமுலேட்டரில் பழகினவங்க பித்தப்பையைப் பிரிச்செடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமா முடிச்சாங்க. பழகாதவங்க பித்தப்பையைக் காயப்படுத்தவோ, பக்கத்துத் திசுவைச் சுடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

இன்னைக்கு தொழில்நுட்பம் இன்னும் ஒரு படி மேல. நோயாளியின் சிடி ஸ்கேன் என்பது உடம்பை ரொட்டித் துண்டு மாதிரி வரிசையா எடுத்த படங்கள். அதிலிருந்து கல்லீரலைத் தனியா, ரத்தக்குழாயைத் தனியா, கட்டியைத் தனியா பிரிச்சு அடுக்கினா 3டி மாடல் ரெடி. விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடி கண்ணை முழுசா மூடி வேற உலகத்தைக் காட்டும். மிக்ஸட் ரியாலிட்டி எதிரே இருக்கிற மேஜை மேலேயே அந்தக் கல்லீரலை மிதக்கவிடும். சுத்தி வந்து பார்க்கலாம், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

2022-ல் தலை ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளை ரியோ டி ஜெனிரோவில் பிரிச்சாங்க. லண்டன் டாக்டர் நூருல் ஒவாஸ் ஜீலானி குழுவும் பிரேசில் குழுவும் ஸ்கேன்களிலிருந்து உருவான மாடலில், விர்ச்சுவல் ரியாலிட்டியில் மாதக்கணக்கா ஒத்திகை பார்த்த பிறகுதான் கத்தியைத் தொட்டாங்க. நடந்த இடம் ரியோ மாநில அரசின் மருத்துவமனை. "இதெல்லாம் காசு உள்ளவனுக்கு" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

நம்ம ஊரிலும் வந்தாச்சு. 2024-ல் சென்னை ஜெம் மருத்துவமனையில் ஆப்பிள் விஷன் ப்ரோ மாட்டிக்கிட்டு லேப்ராஸ்கோபி ஆபரேஷன் செஞ்சாங்க. தனியாருக்கு வந்தது ஜி.ஹெச்.சுக்கு எப்போ?

அதுக்காக நாளைக்கே கோடிக்கணக்கில் கண்ணாடி வாங்குங்கன்னு கேட்கல. மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் 2016-ல் வந்தது. 2024-ல் உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. கண்ணாடி பழசாகும், மாடல் பழசாகாது. யேல் ஆய்வில் தலையில் மாட்டும் கண்ணாடியே கிடையாது, சாதாரண திரைதான்!

மாடல் செய்ய என்ன வேணும்? ஸ்கேன் இருக்கு. '3டி ஸ்லைசர்' மென்பொருள் இலவசம். 3டி பிரிண்டர் பல பொறியியல் கல்லூரிகளில் தூசி படிஞ்சு கிடக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்குற கூட்டத்தை நான் கண்ணால பார்த்திருக்கேன். அந்தப் பசங்க கையில் ஒரு இதயத்தின் ஸ்கேனைக் கொடுத்துப் பாருங்க!

நம்ம கோரிக்கை மூணு:

1. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியையும் பக்கத்துப் பொறியியல் கல்லூரியோட இணைக்கணும். நோயாளி சம்மதத்தோடு, பெயர் நீக்கின ஸ்கேன்களை வச்சு 3டி மாடல் வங்கி உருவாக்கணும்.

2. சிமுலேட்டரில் தேறிய பிறகே பி.ஜி. டாக்டர் நோயாளி மேல் கை வைக்கணும். அமெரிக்காவில் 2010-லிருந்து பொது அறுவை சிகிச்சைச் சான்றிதழுக்கு லேப்ராஸ்கோபி அடிப்படைத் தேர்வு கட்டாயம். அதில் செய்முறை நடப்பது ஒரு பெட்டி, கேமரா, கருவிகளை வச்சுத்தான்.

3. கண்ணாடி கடைசியில் வாங்கலாம். பயிற்சியாளரையும் நேரத்தையும் முதலில் ஒதுக்கணும்.

மாடல் சீனியர் டாக்டருக்கு மாற்று இல்லை. ரத்தம் பீறிடும்போது பதறாம நிற்க அவர்தான் சொல்லித் தரணும். ஆனா பத்து தடவை தப்பு செஞ்சு திருந்திய கையோட ஒருத்தர் தியேட்டருக்குள் வந்தா, நம்ம வீட்டு ஆள் மேஜையில் படுத்திருக்கும்போது நமக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.

உங்க ஊர் எம்.எல்.ஏ.வை, எந்தக் கட்சியா இருந்தாலும், டேக் பண்ணிக் கேளுங்க. பகிருங்க.

#முதல்வெட்டு_மாடலில்