எழுதுபவர் ஒருவர், பொறுப்பாளர் ஒருவர்

கடை நடத்துவோர்க்கு இந்நாளில் வாசல்கள் இரண்டு. ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றொன்று இணையதளம். தெரு வாசலில் வருவோரை உரிமையாளரே முகமலர்ந்து வரவேற்கலாம். கேட்டதற்கு விடை கூறலாம். பொருளை எடுத்துக் காட்டலாம். இணையதளத்தில் அவர் இல்லை. அவர் பெயரால் சொற்களே நின்று பேசுகின்றன. ஆதலின் அச்சொற்களைத் தேர்ந்த எழுத்தாளர் ஒருவரைக் கொண்டு எழுதுவிக்க விரும்புவது இயல்பே.

வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இத்தேவை இன்னும் மிகுதி. மாட்டுங்காவிலோ கரோல் பாகிலோ உணவகம் நடத்தும் தமிழர் சுவைபடச் சமைக்க அறிவார். தம் சமையலைப் பற்றி மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பிழையற எழுதவும் அவர் வல்லவராக இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. பொருள் கொடுத்துப் பிறர் கையால் எழுதுவிப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. மும்பைத் தலைமை அஞ்சலகத்தின் எதிரே அமர்ந்து, பிழைப்புத் தேடி வந்த எழுத்தறியாத் தொழிலாளர்க்குக் கடிதங்களும் மணியார்டர் படிவங்களும் எழுதித் தந்தோர் பல்லாண்டுக் காலம் அரிய பணி செய்தனர். கை அவர்களுடையது, செய்தி தொழிலாளருடையது. எவ்வளவு பணம் அனுப்புகிறார், ஊருக்கு எப்போது வருவார் என்பவற்றை எழுதுபவர் தாமே கற்பித்து எழுதிவிட இயலுமோ?

இவ்வெல்லையை மறப்பதனால் விளையும் தீங்கையே இம்மாதம் நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வீட்டில் சத்துமாவு அரைத்து விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தாளரை அழைத்து, 'எங்கள் மாவைப் பற்றி நன்றாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள்' என்று சொல்லி முன்பணமும் கொடுக்கின்றனர். வேறு விவரம் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் என் செய்வார்? 'தரத்தில் தலைசிறந்தது', 'பாரம்பரியச் சுவை', 'நம்பிக்கையின் மறுபெயர்' என்று எந்தக் கடைக்கும் பொருந்தும் சொற்களை அடுக்குவார். அப்படியும் பக்கம் நிரம்பாவிடில், 'நீரிழிவைப் போக்கும்' என்று ஒரு வரியும் சேர்த்துவிடலாம். முன்னைய சொற்களால் படிப்பவருக்குப் பயன் இல்லை. பின்னைய சொல்லாலோ கடைக்காரருக்கே ஆபத்து உண்டு.

உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'விளம்பரம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் இணையதளமும் அடங்கும். பொய்யான, மயக்கம் தரும் விளம்பரத்திற்காகப் பொருளை ஆக்குவோர்மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் அக்குற்றம் நிகழின் அது 50 இலட்சம் ரூபாய் வரை செல்லலாம். 'நாங்கள் எழுதவில்லை, எழுத்தாளர் எழுதினார்' என்னும் விடையை நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

பழி இவ்வாறு கடைக்காரரை வந்து சேர, எழுத்தின் உரிமையோ தானாக அவரைச் சேர்வதில்லை. இது பலர் அறியாத செய்தி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். சம்பளம் பெறும் ஊழியர் தம் வேலையின் பகுதியாக எழுதியதாயின், மாறான உடன்பாடு இல்லாதபோது, உரிமை முதலாளிக்கு உண்டு. வெளியிலிருந்து கட்டணம் பேசி எழுதித் தருபவரிடம் அவ்வாறன்று. பணம் கைமாறியதனாலேயே உரிமை கைமாறிவிடாது. அவர் கையொப்பம் இட்ட ஆவணம் வேண்டும். அவ்வாவணத்தில் காலம் குறிக்கப்படாவிடில் உரிமை 5 ஆண்டுகளுக்கே என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவிற்குள் மட்டுமே என்றும் சட்டம் கொள்ளும். நாளை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பொருள் அனுப்ப எண்ணுவோர் இதனை இன்றே கருதுதல் நன்று. எந்த எழுத்து, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்ற நான்கும் தெளிவாக எழுதப்பட்டால், பின்னாளில் மனக்கசப்புக்கு இடம் இராது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? எழுத்தாளரை அழைப்பதற்கு முன்னரே குடும்பத்தார் ஒரு மாலைப்பொழுது கூடி அமர்தல் வேண்டும். வாங்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் எவை என்பதை மாவு அரைக்கும் அம்மா அறிவார். எந்தத் தெருவரை கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்பதை வண்டியில் செல்லும் மகன் அறிவான். விலை, விடுமுறை நாள், உரிம எண், கெட்டுப்போன பொருளைத் திரும்பப் பெறும் முறை ஆகிய அனைத்தையும் தமிழிலேயே, வீட்டில் பேசும் சொற்களிலேயே, ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். எழுத்தாளர் வந்ததும் அத்தாளைக் கொடுத்து, அடுப்படியையும் காட்டி, ஒரு குவளைக் கஞ்சியும் கொடுத்தால், அவர் எழுத்து வேறாக இருக்கும். 'ராகியும் கம்பும் பொட்டுக்கடலையும் சேர்த்து, செவ்வாய்தோறும் வறுத்து அரைக்கிறோம். புதன்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்' என்ற ஒரு வரி, 'நம்பிக்கையின் மறுபெயர்' என்ற வரியைவிட நம்பிக்கை தருவது அன்றோ?

கட்டணம் பேசுவதிலும் கருத்து வேண்டும். தந்திக்குச் சொற்கணக்கில் பணம் கட்டிய காலத்தில் நாம் சொற்களைச் சுருக்கினோம். அச்சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. எழுத்தாளருக்குச் சொற்கணக்கில் பணம் தந்தாலோ சொற்கள் நீளும். ஆதலின் பக்கத்திற்கோ முழு வேலைக்கோ தொகை பேசிக்கொள்க. முதலில் ஒரு பக்கத்தை மட்டும், அதற்குரிய கட்டணத்துடன், எழுதித் தரச் சொல்லிப் பார்க்கலாம். எத்தனை முறை திருத்தித் தருவார் என்பதையும் முன்னரே முடிவு செய்க. பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுத்துவிடுக. எழுத்தாளரும் உழைத்து உண்பவரே. அவரை அலையவிடுதல் நமக்கு அழகன்று.

'இயந்திரமே எழுதித் தருகிறதே, எழுத்தாளர் எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்கலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இக்கேள்வி எங்கும் எழுந்துள்ளது. நொடியில் பக்கம் நிரம்பும் என்பது மெய்யே. ஆயினும் செவ்வாய்க்கிழமை வறுப்பதும் புதன்கிழமை அனுப்புவதும் நாம் சொன்னாலன்றி அதற்குத் தெரியாது. தெரியாததைத் தானே புனைந்து உரைக்கவும் கூடும். கை எதுவாயினும் பொறுப்பு நம்முடையதே.

இறுதியாக ஒன்று. எழுதி முடிந்த பக்கத்தை வெளியிடுமுன், அது எம்மொழியில் இருப்பினும், ஒவ்வொரு வரியையும் தமிழில் பொருள் சொல்லக் கேட்டறிதல் வேண்டும். மராத்திப் பள்ளியில் படிக்கும் மகளோ, இந்தி அறிந்த அண்டை வீட்டாரோ இவ்வுதவியைச் செய்யலாம். தமக்குத் தெரியாத மொழியில் தம் பெயரால் ஒரு வாக்குறுதி வெளிவர விடுதல், வெற்றுத் தாளில் கையொப்பம் இட்டுக் கொடுத்தலை ஒக்கும். 'இதனை நாம் செய்கிறோமா? நாளையும் செய்வோமா?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டு, ஆம் என்றால் வைத்துக்கொள்க. இல்லை என்றால் அடித்துவிடுக.

ஊர் விட்டு வந்த நம்மவர் பலருக்குக் கைமுதலாக இருந்தது சொன்ன சொல் ஒன்றே. கடன் கொடுத்தோரும் சரக்கு கொடுத்தோரும் அச்சொல்லை நம்பியே கொடுத்தனர். அதனை அழகுற எழுதப் பிறரை அமர்த்தலாம். காக்க வேண்டியவர் நாமே என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்வார்களாக.