சராசரி என்னும் திரை: போர் விமான சிமுலேட்டரும் பல்லிழை முறையும்

ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டிசிஎஸ் வேர்ல்டு என்னும் போர் விமான சிமுலேட்டருக்கு 2023 மார்ச்சில் மல்டித்ரெடிங் வசதி சோதனைப் பதிப்பாக வந்தது. அன்று பிறந்த வாய்ப்பாடு ஒன்று இன்றும் ஓயவில்லை: 'பல்லிழை முறை வந்தது, விஆர் செயல்திறன் இரட்டிப்பானது.' எதிர்முனையில் இன்னொரு வாய்ப்பாடும் உண்டு: 'விஆரில் எல்லாமே வரைகலை அட்டையின் வேலை; இழைகளால் ஆவது ஒன்றுமில்லை.' இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் ஒரே பிழையின் இரு முகங்கள். செயல்திறன் என்பது ஒற்றை எண், அந்த எண் நொடிக்கு இத்தனை சட்டகம் என்னும் சராசரி என்று இரு தரப்பும் ஐயமின்றி நம்புகின்றன. விளையாட்டாளர்கள் அப்படி நம்பினால் பாதகமில்லை. மெய்நிகர் உலகில் மனிதரின் கவனத்தையும் குமட்டலையும் எதிர்வினை நேரத்தையும் அளக்கப் புறப்படும் ஆய்வாளர்களும் அதே எண்ணைக் கடன் வாங்குவதுதான் கண்டனத்துக்குரியது.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். டிசிஎஸ்ஸின் வம்சாவளி 1995-இல் வெளிவந்த சு-27 ஃபிளாங்கரில் தொடங்கி, 2003-இன் லாக் ஆன் வழியாக, 2008-இன் பிளாக் ஷார்க்கை அடைகிறது. அதன் அடித்தளப் பழக்கங்கள் ஒற்றைக் கோர் செயலிகளின் காலத்தவை. கடிகார வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் பாதையை 2004-இல் இன்டெல் கைவிட்டது. இரட்டைக் கோர்கள் மேசைக் கணினிக்கு வந்தது அடுத்த ஆண்டில். அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்கள், 'அடுத்த ஆண்டுச் செயலி இதைவிட வேகமாக ஓடும்' என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஆகவே விமானத்தின் காற்றியக்கம், எதிரி விமானியின் முடிவுகள், ஏவுகணையின் வழிகாட்டல், ரேடார், பணித்திட்டத்தின் லுவா நிரல்கள், இவற்றுக்கெல்லாம் பிறகு வரைகலைச் செயலிக்கான கட்டளைகள் என அனைத்தும் பெரும்பாலும் ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. எட்டுக் கோர் கொண்ட செயலியில் ஒன்று மூச்சுத் திணற, ஏழு ஏறக்குறையச் சும்மா இருந்தன. 2023-இன் மாற்றம் அந்த வரிசையை உடைத்தது. உலகைக் கணக்கிடும் முதன்மை இழையும் அதை வரையக் கட்டளையிடும் இழையும் தனித்தனியே ஓடத் தொடங்கின. பொறியியல் நோக்கில் இது பெரிய சாதனை. இருபது ஆண்டுப் பழைய கட்டடத்தில் குடியிருப்போரை வெளியேற்றாமல் அடித்தளத்தை மாற்றுவதற்கு ஒப்பான வேலை.

ஆனால் அந்தச் சாதனையின் பெயர் 'வேகம் இரட்டிப்பு' அன்று.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். உலகைக் கணக்கிட 9 மில்லி விநாடி, வரைதல் கட்டளைகளைத் தயாரிக்க 9 மில்லி விநாடி ஆகிறது என்று வைப்போம். ஒரே இழையில் இரண்டும் சேர்ந்து 18; நொடிக்கு ஏறத்தாழ 55 சட்டகம். இரு இழைகளில் பிரித்தால், ஒரு சட்டகம் வரையப்படும்போதே அடுத்த சட்டகத்தின் உலகம் கணக்கிடப்படுகிறது. 9 மில்லி விநாடிக்கு ஒரு சட்டகம் வெளிவருகிறது. நொடிக்கு 111. வாய்ப்பாடு மெய்ப்பட்டது போலத் தோன்றும். எனினும் ஒரு தனிச் சட்டகம் பிறந்து முடிய எவ்வளவு நேரம் எடுத்தது? முன்பும் 18, இப்போதும் 18. ஆலையின் வாயிலில் வண்டிகள் இருமடங்கு விரைவாக வெளியேறுகின்றன. ஒரு வண்டியைக் கட்டி முடிக்க ஆகும் காலம் இம்மியும் குறையவில்லை. திரையில் தெரியும் உலகம், விமானி கோலை அசைத்த கணத்துக்கு அதே தொலைவில்தான் நிற்கிறது.

'செயல்திறன்' என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே இரு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன: எத்தனை வெளிவருகிறது என்பது ஒன்று, எவ்வளவு தாமதமாக வெளிவருகிறது என்பது மற்றொன்று. சாதாரணத் திரையில் இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் பெரிய இழப்பில்லை. தலையில் மாட்டிய திரையில் அந்தக் குழப்பம் உடலில் தெரியும். தலையின் அசைவுக்கும் கண்முன் ஒளி மாறுவதற்கும் இடையே சுமார் 20 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பது விஆர் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல். தலைச் சுழற்சியின் தாமதத்தை ஹெட்செட்டின் மென்பொருள் கடைசி நொடியில் படத்தைத் திருப்பி ஓரளவு மறைத்துவிடும். கோலின் அசைவையும், வலப்புறம் வெட்டித் திரும்பும் எதிரி விமானத்தின் இடத்தையும் அந்தத் திருப்பல் சரிசெய்யாது. பயணிகள் விமான சிமுலேட்டரில் இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். நெருங்கிய வான்சண்டையில் அந்த இடம்தான் எல்லாமே.

90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லி விநாடி. இது வரம்பு மட்டுமன்று, ஒரு செங்குத்துப் பாறை. சட்டகம் 11 மில்லி விநாடியில் தயாரானால் 90. 12 ஆனால், அரைவேக முறை இயக்கப்பட்டிருக்கும் நிலையில், சிமுலேட்டர் 45-க்குத் தள்ளப்படும். எஞ்சிய பாதிச் சட்டகங்களை மென்பொருள் ஊகித்து வரையும். ஓக்குலஸ் 2016-லும் ஸ்டீம்விஆர் 2018-லும் இத்தகைய முறைகளைக் கொண்டுவந்தன. விளைவு நகைப்புக்குரியது. ஒரே ஒரு மில்லி விநாடி மிச்சமானால் 45 என்னும் எண் 90 ஆகிவிடுகிறது. 'இரட்டிப்பு' என்று கொண்டாடப்பட்டவற்றில் எத்தனை, 12-லிருந்து 11-க்கு இறங்கிய எட்டு விழுக்காட்டு மேம்பாடு? மாறாக, 22-லிருந்து 13-க்கு இறங்கிய ஒருவர், உண்மையிலேயே பெரும்பயன் பெற்றவர், எண்ணில் ஒரு மாற்றமும் காணாமல் 'பல்லிழை முறை ஏமாற்று வேலை' என்று எழுதுகிறார். அவர் பார்த்த எண் இரண்டு முறையும் 45. ஊகித்து வரையப்பட்ட சட்டகங்களின் தரமோ வேறு கதை: சுழலும் ஹெலிகாப்டர் விசிறியின் ஓரங்கள் நெளியும், அருகே குறுக்கிடும் விமானம் இரண்டாகத் தெரியும்.

சராசரியின் அடுத்த மறைப்பு இன்னும் மோசமானது. ஒரு நொடியில் 80 சட்டகங்கள் ஒழுங்காக 11.1 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு சட்டகம் 111 மில்லி விநாடிக்குத் தேங்கி நின்றால், சராசரி 81. மதிப்புரையில் அது 'சீரான 81' ஆகிவிடும். ஹெட்செட் அணிந்தவருக்கோ அந்த நொடியில் உலகம் ஒருமுறை உறைந்து நின்றது. பேச்சை ஆராய்பவர்களுக்கு இது புதிதன்று. நிமிடத்துக்கு இத்தனை அசை என்று பேச்சு வேகத்தைக் கணக்கிட்டால், சொல்லின் நடுவே விழுந்த திக்கலும் வாக்கியத்தின் இறுதியில் விட்ட இயல்பான இடைவெளியும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். திக்குவாயை நிமிடச் சராசரியால் விளக்கும் கட்டுரையை எந்த மொழியியல் இதழும் ஏற்காது. சட்டகத் தேக்கத்தை நொடிச் சராசரியால் விளக்கும் கட்டுரை மட்டும் எப்படி ஏற்கத்தக்கதாகிறது?

பல்லிழை முறை அத்தகைய தேக்கங்களைக் குறைக்கவும் கூடும், புதிதாக உண்டாக்கவும் கூடும். இழைகள் பிரிந்தால் அவை ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும். ஒன்றன் தரவை மற்றொன்று பூட்டிவைக்க வேண்டும். 2021-இன் இறுதியில் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறைச் செயலிகளில் வேகக் கோர், சிக்கனக் கோர் என இருவகை உண்டு. முதன்மை இழையின் வேலையோ, அது எதிர்நோக்கிக் காத்திருக்கும் துணை இழையின் வேலையோ சிக்கனக் கோரில் சென்று விழுந்தால், மற்ற எல்லாமே அதற்காகக் காத்து நிற்கும். ஒற்றை இழைப் பதிப்பில் இந்தச் சிக்கலுக்கு இடம் குறைவு. இழைகளை இன்ன கோரில்தான் ஓட வேண்டும் என்று கட்டிப்போடும் கருவிகளைப் பயனர்கள் தேடி ஓடியதன் காரணம் இதுவே.

இனி எதிர்முனை வாய்ப்பாடு. விஆரில் எல்லாம் வரைகலைச் செயலியே என்பாரிடம் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எச்பி ரிவெர்ப் ஜி2 ஹெட்செட்டில் கண்ணுக்கு 2160 பெருக்கல் 2160 புள்ளிகள். இரு கண்ணுக்கும் சேர்த்து 93 லட்சம். ஒரு 4கே திரையில் 83 லட்சம்தான். வில்லைகளின் வளைவை ஈடுசெய்ய உண்மையில் வரையப்படுவது அதைவிடவும் கூடுதல். தெளிந்த வானில் தனியே பறக்கும்போது வரைகலைச் செயலி 15 மில்லி விநாடி எடுக்குமானால், மையச் செயலியின் வேலையை நான்காகப் பிரித்தாலும் பதினான்காகப் பிரித்தாலும் சட்டகம் 15-க்குக் கீழே இறங்காது. இந்த அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே கணினி, அதே ஹெட்செட், விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போது? சுற்றிலும் டஜன் கணக்கில் விமானங்கள், ஒவ்வொன்றுக்கும் கணக்கு, ஒவ்வொன்றையும் இரு கண்ணுக்கும் வரையக் கட்டளை. அங்கே கட்டைக்கல் மையச் செயலிக்கு நகர்கிறது. பல்லிழை முறை தன் பயனைக் காட்டுவது அங்கேதான். தெளிந்த வானில் அளந்தவரும் கப்பல்தளத்தில் அளந்தவரும் தத்தம் அளவில் பொய் சொல்லவில்லை. தாம் நின்ற இடத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னதுதான் குற்றம்.

கோர்களின் எண்ணிக்கையைப் பற்றிய மயக்கம் தனி நோய். ஜீன் ஆம்டால் 1967-இலேயே கூறிய கருத்து இது: வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே இறுதி எல்லையை வரைகிறது. ஒரு சட்டகத்தின் வேலையில் 60 விழுக்காடு பிரிக்கத்தக்கது என்று கொண்டால், 8 கோரில் கிடைக்கும் வேகம் 2.1 மடங்கு, 16 கோரில் 2.3 மடங்கு, எண்ணற்ற கோரிலும் 2.5 மடங்கைத் தாண்டாது. போர் சிமுலேட்டரில் பிரிக்க முடியாத பகுதி சிறியதன்று: ஏவுகணை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகே எதிரி விமானி தப்ப முடிவெடுக்க முடியும், அவன் முடிவெடுத்த பிறகே அவனது விமானம் திரும்ப முடியும். காரணத்துக்குப் பின் காரியம் என்ற அந்த வரிசையை எந்த நிரலாளராலும் பக்கவாட்டில் அடுக்க முடியாது. 8 கோர் மட்டுமே கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் உடன்பிறப்பான 5800எக்ஸைவிடக் குறைந்த கடிகார வேகத்தில் ஓடியும், 96 மெகாபைட் எல்3 இடைநினைவகத்தின் பலத்தால் 2022-இல் சிமுலேட்டர் பயனர்களின் விருப்பத் தேர்வானது இதனால்தான். நினைவகத்துக்காகக் காத்திருக்கும் முதன்மை இழைக்குத் தேவை கூடுதல் கைகள் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் தரவு. ஆய்வகத்துக்கு வாங்கும் கணினியின் கோரிக்கைப் படிவத்தில் 'கோர் எண்ணிக்கை' என்ற கட்டத்தை மட்டும் பெரிதாக நிரப்புவோர் இதைக் கவனிப்பது நல்லது, பொதுப்பணம் அது.

உண்மையில் 2023 ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பு ஒன்றைத் தந்தது. சில காலம் டிசிஎஸ்ஸின் இரு வடிவங்களும் ஒரே நிறுவலில் அருகருகே இருந்தன. பல்லிழை வடிவம் தனிக் கோப்புறையில். அதே விமானம், அதே வரைபடம், அதே பணித்திட்டம், மாறுவது இழை அமைப்பு மட்டும். கட்டுப்படுத்தப்பட்ட சோதனைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்த வாய்ப்பைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச ஒழுக்கம் தேவைப்பட்டது. பதிப்பை மாற்றும்போதே ஹெட்செட்டுக்கான மென்பொருள் அடுக்கையும் ஓபன்எக்ஸ்ஆருக்கு மாற்றியவர், இரண்டின் பயனையும் ஒன்றின் கணக்கில் எழுதக் கூடாது. புதிய பதிப்பின் முதல் ஓட்டத்தில் நிழலாக்க நிரல்கள் மீண்டும் தொகுக்கப்படுவதால் வரும் தேக்கத்தைப் பல்லிழை முறையின் மேல் சுமத்தக் கூடாது. எழுதப்பட்ட ஒப்பீடுகளோ பெரும்பாலும் திரைமூலையில் தெரிந்த எண்ணின் புகைப்படங்களாகவே நின்றுவிட்டன.

இத்தனைக்கும் அதே திரைமூலையில் விடை எழுதியே இருக்கிறது. பல்லிழைப் பதிப்பின் சட்டக எண்ணி, எண்ணோடு நிற்காமல், கட்டைக்கல் எங்கே என்பதையும் சொல்கிறது: முதன்மை இழையா, வரைதல் இழையா, வரைகலைச் செயலியா என்று. விஆர் குமட்டலை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வொன்று சிமுலேட்டரைக் கருவியாகக் கொள்ளுமானால், அந்த வரியைப் பதிவுசெய்ய வேண்டும்; ஒவ்வொரு சட்டகத்தின் நேரத்தையும் கோப்பில் எழுதி, மிக மோசமான ஒரு விழுக்காட்டுச் சட்டகங்களைத் தனியே காட்ட வேண்டும்; அரைவேக ஊக முறை இயங்கியதா இல்லையா என்று ஒரு சொல்லேனும் சொல்ல வேண்டும். இவை இல்லாத ஆய்வேட்டில், பங்கேற்பாளர் ஒருவர் பன்னிரண்டாம் நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார் என்று எழுதியிருந்தால், அவரைக் கழற்ற வைத்தது விமானத்தின் சுழற்சியா, சிக்கனக் கோரில் சிக்கிய ஓர் இழையா என்று வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கலாம். கேட்க வேண்டும்.